பல் டாக்டர்தான் கொலைகாரன்

புத்தகம் ஒன்று நூற்றுப்பத்து யென்.
அமகாசாகியில், ரயில் பாலத்துக்குக் கீழே,
சைக்கிள் நிறுத்தத்தை ஒட்டிய கடை.
ஜூன் மழைக்கு ஒதுங்கத்தான் போனேன்.
இருபத்திரண்டு பாகம் வரிசையாக நின்றது,
முதுகு வெளுத்து, ஓரமெல்லாம் தேநீர் நிறத்தில்.
துறைமுகத்து விடுதியில் நடக்கும் கொலைகள்.

வாரத்துக்கு இரண்டு வாங்கினேன்.
எனக்கு மீன் கேக் ஆலையில் இரவு ஷிப்ட்.
கையுறை கழற்றினாலும் விரலில் வாடை போகாது.
படக்கதையில் கடல் வந்த பக்கமெல்லாம்
நிஜமாகவே நாறியது.

மூன்றாம் பாகம், எழுபத்தொன்றாம் பக்கம்.
கட்டத்துக்கு வெளியே வெள்ளை ஓரத்தில்
யாரோ ஒரு புண்ணியவான்
பென்சிலால் பொடிப்பொடியாக எழுதியிருந்தான்:
பல் டாக்டர்தான் கொலைகாரன்.

பாவி.
இன்னும் பத்தொன்பது பாகம் கிடக்கிறது.

அதற்கப்புறம் கதையா படித்தேன்?
டாக்டரை வேவு பார்த்தேன்.
குடையை மடித்து உதறும்போது பார்த்தேன்.
அவர் வாத்துகளுக்கு ரொட்டி பிய்த்துப் போட்டார்.
மடியில் கனமில்லாதவன்
வாத்துக்கு எதற்கு ரொட்டி போடுகிறான்?
ஏழாம் பாகத்தில் ஒரு சிறுமியின் பல்லைப் பிடுங்கி
அவள் உள்ளங்கையிலேயே வைத்து
விரல்களை ஒவ்வொன்றாக மூடினார்.
எனக்குக் குலை நடுங்கியது.

பதினாறாம் பாகத்தில் செத்துப்போனார் மனுஷன்.
முதுகில் மீன் வெட்டும் கத்தி.
கொன்றவன் வேறு ஆள்.

ஒன்றரை மாதம் சந்தேகப்பட்டிருக்கிறேன்.
மன்னிப்பை யாரிடம் கேட்பது,
மையால் வரைந்த ஆளிடமா?
அன்று விடியற்காலை
மூன்றாம் பாகத்தைத் தேடி எடுத்து
பென்சில் வரிக்குக் கீழே, ஆலையின் நீலப் பேனாவால்,
அழுத்தி எழுதினேன்:
பொய். அவரை நம்பு.

மார்ச்சில் அறை மாறினேன்.
புது அறை நாலரைப் பாய் அகலம்.
ஒன்று நான் படுக்கவேண்டும், இல்லை புத்தகங்கள்.

அதே கடை. கொள்முதல் மேசையில்
நுமாதா என்று பெயர் குத்திய பையன்.
சீட்டுக் கலைப்பதுபோல்
கட்டைவிரலால் விர்ரென்று பக்கங்களை ஓட்டினான்.
செட் முழுசாக இருந்தால் நானூறு, என்றான்.
உதிரி என்றால் ஒன்றுக்கு ஐந்து யென்.
அடிமாட்டு விலை.
கேட்டு என்ன பயன்? அவனும் மணிக்கூலிக்காரன்தான்.

எழுபத்தொன்றில் கட்டைவிரல் நின்றது.
என் முகத்தைப் பார்த்தான்.
மேலாளர் இருந்த பக்கம் பார்த்தான்.
டிராயரைத் திறந்து ரப்பர் எடுத்து
அந்தப் பென்சில் வரியை, ஒரு சொல் விடாமல்,
பக்கம் கசங்காமல் தேய்த்தான்.
தூளை ஊதிவிட்டு அடுத்த வரிக்குப் போனவன்
நிமிர்ந்து சொன்னான்,
இது பேனா. போகாது.

இருபத்தோரு பாகத்துக்கு நூற்றைந்து யென்.
அந்தக் காசுக்கு அதே கடையில்
ஒரு பாகம் வாங்க ஐந்து யென் குறையும்.
மூன்றாவதை நாங்களே கழித்துவிடட்டுமா, இலவசம், என்றான்.
வேண்டாம் என்று பையில் போட்டுக்கொண்டேன்.

காசு போட்டால் துவைக்கும் கடை ஒன்று வழியில்.
சோப்புத்தூள் இயந்திரத்தின் மேல்
அட்டை கிழிந்த வாரப் பத்திரிகைகள், ஒற்றைக் காலுறை.
அங்கே வைத்தேன்.
துணியைப் போட்டுவிட்டு உட்கார்ந்திருந்தேன்.

டாக்ஸி கம்பெனி மேல்கோட்டு, ஐம்பது வயதிருக்கும்.
உலர்த்தியில் சட்டைகள் சுழன்றுகொண்டிருக்க
கைக்கு எட்டியதை எடுத்துப் படித்தார்.
கொஞ்ச நேரம் சத்தமில்லை.
பிறகு புத்தகத்தைக் கண்ணருகே கொண்டுபோனார்,
தள்ளிப் பிடித்தார்,
யாரும் இல்லாத பெஞ்சுகளைச் சுற்றிப் பார்த்துவிட்டு
என்னிடம் கேட்டார்:
எவரை நம்புவது?

நாலாம் பாகம் பாலத்துக்குக் கீழே கிடைக்கும், என்றேன்.
நூற்றுப்பத்து யென்.